பீப்பாயும் புட்டியும் நிலமும்

பெங்களூரின் பழம்பெருமை பேசுவோர் லால்பாக்கைச் சொல்வர். கப்பன் பூங்காவைச் சொல்வர். மழைக்கால மாலைகளின் குளிரைச் சொல்வர். சற்று வயதானவர்களாயின், 1905-ஆம் ஆண்டிலேயே இந்நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததைச் சொல்லாமல் விடமாட்டார்கள். இது பீர் காய்ச்சிய ஊர் என்பதைத் தமிழ்க் குடும்பங்களின் வாயிலிருந்து கேட்பது அரிது. அதற்குக் காரணம் உண்டு. அக்காரணமும் இக்கட்டுரையின் பொருளே ஆகும். நாங்கள் உடன்பிறந்தோர் நால்வர். எங்கள் பாட்டனார் இந்நகரத்துப் பீர் ஆலை ஒன்றில் பீப்பாய்த் தச்சர். தந்தையார் அதே ஆலையில் புட்டி கழுவும் பகுதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆலையின் பெயர் இங்கே வேண்டா.

1809-இல் ஆங்கிலேயர் இங்கே பாசறை அமைத்தபோது சென்னைப் பட்டாளத்தோடு தமிழரும் வந்தனர். சிப்பாய்களாக வந்தோர் சிலர். சிப்பாய்களுக்குச் சமைக்கவும், துணி வெளுக்கவும், லாடம் அடிக்கவும், வண்டி ஓட்டவும் வந்தோர் பலர். அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன் எங்கும் இன்றைக்கும் நம்மவர் நிறைந்திருப்பதன் தொடக்கம் அதுதான். வெள்ளைச் சிப்பாய்க்குச் சோற்றைப் போலவே பீரும் படியளக்கப்பட்ட பொருள். முதலில் அது இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மாதக்கணக்கில் வெயிலில் வெந்து வந்து சேர்ந்தது. புளித்துப் போனது பாதி, வழியில் ஒழுகிப் போனது மீதி என்று பாட்டனார் சொல்வதுண்டு. அது அவர் காலத்துக்கும் முந்திய கதை, ஆயினும் கண்ணால் கண்டவர் போலவே சொல்வார்.

ஆகவே இங்கேயே காய்ச்ச முற்பட்டனர். பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் அதிகச் சூட்டில் கெட்டுப்போகும். குளிர்ந்த இடம் வேண்டும். குளிரூட்டும் பொறி பரவாத அந்நாளில் மலையைத் தவிர வேறு புகலிடம் இல்லை. வடக்கே கசவுலியிலும், தெற்கே உதகையிலும் ஆலைகள் எழுந்தது அதனால்தான். உதகையின் காசில் ப்ரூவரி 1857-இல் தொடங்கியது. பின்னர் பனிக்கட்டி செய்யும் பொறிகள் வந்தன. மூவாயிரம் அடி உயரத்தில், கோடையிலும் இரவில் குளிரும் பெங்களூர், மலைக்கும் சமவெளிக்கும் நடுவே நல்லதோர் இடமாகத் தோன்றியது. பெங்களூர் ப்ரூயிங் கம்பெனி 1885-இல் ஏற்பட்டது. 1915-ஆம் ஆண்டில் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டின் ஐந்து ஆலைகளை ஒன்று சேர்த்தார். உதகையின் காசில், நீலகிரி ப்ரூவரி, சென்னையின் பிரிட்டிஷ் ப்ரூயிங் கார்ப்பரேஷன், இங்கிருந்த பெங்களூர் ப்ரூயிங் கம்பெனி, பி.பி.பி. ஆகியவையே அவ்வைந்து. யுனைட்டெட் ப்ரூவரீஸ் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. சிற்றாலைகளின் மறைவு நேற்றோ இன்றோ தொடங்கியதன்று; நூறாண்டுக்கும் முன்பே, ஐந்து பெயர்கள் ஒரு பெயருக்குள் அடங்கியபோதே தொடங்கிவிட்டது.

பீர் என்பது சாராயம் போலக் காய்ச்சி வடிக்கும் பொருளன்று. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டி, முளை நீண்டுவிடாமல் சூட்டில் உலர்த்தினால் அது மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் கரைத்தால் மாவுச்சத்து இனிப்பாக மாறும். அந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்க வைத்தால் கசப்பும் மணமும் ஏறும். ஆறவைத்து ஈஸ்ட்டை இட்டுக் காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான். முளைகட்டிய தானியத்தால் மது செய்வது நமக்குப் புதிதுமன்று. பெரும்பாணாற்றுப்படை இத்தொழிலை அடுக்களைக் குறிப்புப் போல விவரிக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியுமாறு வலிய வாயுடைய சாடியில் வைத்து எடுப்பர். புலவர் இதை நாணமின்றிப் பாடினார். திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தது. இரண்டும் நம்முடைய நூல்களே. எங்கள் வீட்டில் பாட்டியாருக்கு இரண்டாவது நூல் மட்டுமே தெரியும்.

பாட்டனார் திருப்பத்தூர்ப் பக்கத்தவர். மாட்டுவண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். 1919-இல் ஊரில் பிழைப்பு நலிந்து ரயிலேறி வந்தார். வண்டிச் சக்கரம் செய்பவனுக்குப் பீப்பாய் செய்ய வரும் என்று எவரோ ஆலைக்குள் அழைத்துச் சென்றனராம். சொன்னவர் அறிந்தே சொல்லியிருக்க வேண்டும். சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிப் பூட்டி, தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி மரத்தைக் கவ்வும். பீப்பாய்க்கும் பட்டைதான் உயிர். ஆணி கிடையாது, பசை கிடையாது. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் அகன்ற ஓக் மரக் கீற்றுகளை வட்டமாக நிறுத்தி, உள்ளே சிறு தீ மூட்டி, வெப்பத்தில் மரம் இளகும்போது வளைத்துப் பட்டையை இறக்க வேண்டும். ஒரு கீற்றின் ஓரச்சாய்வு மயிரிழை பிசகினாலும் ஒழுகும். அளவுகோல் வைத்து அவர் வேலை செய்து பார்த்தவர் இல்லை. கட்டை விரலை ஓரத்தில் ஓட்டுவார், வாய்ச்சியால் இரண்டு செதுக்குச் செதுக்குவார், அவ்வளவே. ஹாக்ஸ்ஹெட் எனப்படும் பெரிய பீப்பாயில் ஏறத்தாழ 245 லிட்டர் பிடிக்கும். நிரம்பினால் நான்கு ஆள் சேர்ந்தாலும் தூக்கவியலாத அப்பாரத்தை ஒரே ஆள் உருட்டிச் செல்லலாம். வேண்டிய பக்கம் திருப்பலாம். நடுவயிறு பருத்திருப்பது அதற்காகத்தான். அப்பீப்பாய்கள் மாட்டுவண்டியேறிப் பட்டாள முகாம்களுக்குச் சென்றன. தாம் செய்யாமல் வந்த சக்கரத்தின்மேல் தாம் செய்த பீப்பாய் போவதைக் கண்டு, சக்கரத்தில் குற்றம் சொல்லுவாராம்.

வீட்டில் ஒருவரும் குடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அக்காலத்துத் தொழிலாளர் பலர் வீட்டிலும் அவ்வாறே. ஆனால் ஊரார்க்கு அது தெரியுமா? பாட்டியார் திருமணமாகி வந்த நாள்முதல் தம் கணவர் வேலையைப் பற்றி எவர் கேட்டாலும் ‘மரவேலைக் கம்பெனி’ என்பார். பொய்யுமன்று, மெய்யுமன்று.

1937-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. எல்லைக்கு அப்பால் எங்கள் உறவினர் ஊர்களில் கள்ளுக்கடைகள் மூடின; குடித்து அழிந்த குடும்பங்கள் தலை நிமிர்ந்தன என்பதையும் நாங்கள் மறுப்பதற்கில்லை. அவ்வூர்களிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு எப்படித் தெரிந்திருக்கும்! 1949-இல் அத்தைக்கு வரன் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் சேலம் பக்கத்தவர், கதர் உடுத்தியவர்கள். தட்டு மாற்றுவதற்கு முதல்நாள், பெண்ணின் தகப்பனார் என்ன தொழில் செய்கிறார் என்று தெருமுனைக் கடையில் விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒளிக்கவில்லை, அவர் ஒளிக்க வேண்டியதும் இல்லை. மறுநாள் அவர்கள் வரவில்லை. பாட்டனார் அன்று மாலையும் வழக்கம்போல வேலைமுடிந்து வந்து, வாய்ச்சியைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தார் என்று தந்தையார் சொல்வார். அதன்பின் கருவிகளை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததே இல்லை.

அத்தை கடைசிவரை மணமின்றியே எங்களோடு இருந்தார். தையல் கற்றார், பின்னாளில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் தையல் ஆசிரியை ஆனார். அவ்வேலையைக் குறித்துப் பாட்டியார் எப்போதேனும் அலுத்துக்கொண்டால், “அம்மா, நீங்கள் அந்தப் பீப்பாயை வையாதீர்கள். எனக்குப் பீஸ் கட்டியது அதுதான்” என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்கு மறுமொழி சொல்ல எங்கள் வீட்டில் எவராலும் முடிந்ததில்லை. சேலத்து மாப்பிள்ளையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

தந்தையார் 1946-இல் வேலைக்குச் சேர்ந்தபோதே பீப்பாயின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 1947-இல் வெள்ளைப் பட்டாளம் கப்பலேறிற்று. பாசறைகளில் பீப்பாய் திறந்து ஊற்றிக் குடிக்கும் கூட்டம் போனது; தனியாளாய்க் கடையில் வாங்கிச் செல்பவனுக்குப் புட்டி வேண்டும். பாட்டனார் ஓய்வு பெற்றபின் அவ்விடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஒரு கைத்தொழில் மறையும்போது எவரும் பறைசாற்றுவதில்லை. ஓய்வு பெற்றவரின் நாற்காலி காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். (பீப்பாய்த் தச்சர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை என்று எங்கள் மூத்தவர் இங்கே திருத்தம் சொல்கிறார்.)

புட்டி கழுவுவது எளிய வேலை என்று எண்ண வேண்டா. பழைய காகிதம் எடுக்கும் வியாபாரிகள் மூலம் திரும்பி வரும் 650 மில்லி லிட்டர் புட்டிகளில் மண்ணெண்ணெய் இருக்கும், நல்லெண்ணெய் இருக்கும், சில வேளை பல்லி இருக்கும். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கீறல், தூசு, ஒட்டிய தாள் எதுவும் தப்பக் கூடாது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் பார்த்த அக்கண்கள் அறுபது வயதுக்குள் மங்கின. ஆனால் மூக்கு மங்கவில்லை. மூடியைத் திறந்த மாத்திரத்தில் இது கெட்டது, இது நல்லது என்று சொல்லிவிடுவார். வாழ்நாளில் ஒரு மிடறும் அருந்தாத அவரை மேலதிகாரிகள் சில வேளை அழைத்து முகரச் சொல்வார்களாம். பள்ளிக்கூடத்துப் படிவங்களில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் ‘தொழிற்சாலை ஊழியர்’ என்று எழுதும்படி அம்மா சொல்லிவைத்திருந்தார்.

காலை நேரத்தில் ஆலை வாசலில் பால்காரர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கும். இனிப்பு நீரை இறக்கிய பின் மிஞ்சும் மால்ட் சக்கை மாட்டுக்கு நல்ல தீவனம். ஆவி பறக்கும் அச்சக்கையை அள்ளிக்கொண்டு அவர்கள் ஆஸ்டின் டவுன் பக்கம் போவார்கள். எங்கள் தெருவுக்கே அந்த மணம் வரும். ரொட்டி சுடும் வாசனையும் கழுநீர் வாசனையும் கலந்தாற்போல. அப்பாலைக் காப்பிக்கு வாங்குவார்கள். பூசைக்கு மட்டும் பாட்டியார் வேறு மாட்டுப் பால் வாங்குவார். கள்ளுண்ட பசு என்பது அவர் தீர்ப்பு. பசுக்கள் நன்றாகவே கறந்தன.

நகரம் வளர்ந்தது. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்கும் குறைவாயிருந்த மக்கள்தொகை 2011-இல் 85 லட்சத்தைத் தொட்டது. அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாசறைக்கு நீர் கொடுத்த சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். ஹெசரகட்டா நீர் 1896-லும், திப்பகொண்டனஹள்ளி நீர் 1933-லும் வந்தன. 1974-இல் காவிரியே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு இறைக்கப்பட்டு வந்து சேர்ந்தது. பீர் என்பது பெரும்பகுதி தண்ணீரே. ஒரு லிட்டர் பீருக்குக் கழுவலும் காய்ச்சலும் சேர்ந்து பல லிட்டர் நீர் செலவாகும். குடிநீருக்கே குடம் வரிசையில் நிற்கும் நகரின் நடுவில் அத்தொழில் எத்தனை நாள் நிலைக்கும்?

தண்ணீரைவிட விலை ஏறியது நிலம். சட்டமும் சிற்றாலைக்குத் துணையாயிருக்கவில்லை. மது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள பொருள். ஒரு மாநிலத்தில் செய்ததை இன்னொன்றில் விற்க வேண்டுமானால் அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்வதுபோல வரியும் அனுமதியும் வேண்டும். ஆகவே மாநிலந்தோறும் ஆலை வைக்க வல்ல பெரிய நிறுவனமே பிழைத்தது. எல்லைக்கு அப்பால் மதுவிலக்கு நின்றவரை தமிழ்நாட்டுச் சந்தையும் அடைபட்டிருந்தது. விளம்பரத்துக்குத் தடை வந்தபின், ஏற்கெனவே ஊரறிந்த பெயர்களை வெல்லப் புதியவரால் இயலாது போயிற்று. ஒருவர் தீமையால் நேர்ந்ததென்று சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. பொறியும் வரியும் நிலவிலையும் ஒரே திசையில் தள்ளின.

ஐந்தாலைகள் சேர்ந்த அந்நிறுவனத்தின் வரலாறே இதைக் காட்டும். 1947-இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார், மறுவருடம் தலைவரானார். கிராண்ட் ரோடு என்றிருந்த சாலை பிற்காலத்தில் அவர் பெயரைப் பெற்றது. அச்சாலையில் பழைய ஆலை இருந்த நிலத்தில் 2008-இல் யு.பி. சிட்டி என்னும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. மாட்டுவண்டியில் தொடங்கிய தொழிலின் முத்திரையாகச் சிறகு முளைத்த குதிரை நிற்கிறது. 2021-இல் அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு நெதர்லாந்தின் ஹைனெக்கன் கைக்குச் சென்றது. எங்கள் பாட்டனார் நின்ற ஆலையும் நகர் நடுவில் இன்றில்லை. அவ்விடத்தைத் தாண்டும்போது எங்கள் இளையவள் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு முகர்வாள். பெட்ரோல் புகை தவிர ஒன்றும் வராது.

விந்தை என்னவென்றால், அதே விட்டல் மல்லையா சாலையில் 2011-இல் புதிய சிறு பீர் ஆலை ஒன்று முளைத்தது. காய்ச்சும் இடத்திலேயே ஊற்றிக் கொடுக்கும் மைக்ரோ ப்ரூவரிகளுக்கு அரசு அனுமதி அளித்ததன் விளைவு அது. பிறகு இந்திரா நகர், கோரமங்களா என எங்கும் பரவின. கணினித் தொழிலில் சேர்ந்த இளைஞர் கூட்டம் அங்கே நிறைகிறது. அவர்களுள் நம் பிள்ளைகளும் உண்டு, நாம் அறியாதது போல இருந்துவிடுகிறோம். இவற்றுக்கும் வாழ்வு உறுதியில்லை. வாடகை ஏறுகிறது. இப்பீரைச் சூடுகாட்டிப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க வழியில்லை. சில வாரங்களுக்குள் விற்றாக வேண்டும். 2020 ஊரடங்கின்போது பல இடங்களில் தொட்டியோடு சாக்கடையில் கொட்ட நேர்ந்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம். தந்தையார் இருந்திருந்தால் அச்செய்தியை இரண்டுமுறை படிக்கச் சொல்லியிருப்பார்.

சென்ற ஆண்டு தம்பி மகன் எங்கள் நால்வரையும் அப்படியோர் இடத்துக்கு அழைத்துச் சென்றான். “அத்தை, தாத்தா வேலை பார்த்தது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா? நீங்கள் எலுமிச்சை ரசம் குடியுங்கள், போதும்” என்றான். கண்ணாடிச் சுவருக்குப் பின்னே எஃகுத் தொட்டிகள் பளபளத்தன. ஒரு மூலையில் அழகுக்காகப் பழைய பீப்பாய் ஒன்றை நிறுத்தி, மேலே பூச்சாடி வைத்திருந்தார்கள். எங்கள் மூத்தவர் அதனருகே குனிந்து, கீற்றுகள் சேரும் இடத்தில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார். “ஒழுகும்,” என்றார்.

பீர் காய்ச்சும் இளைஞர் கன்னடத்தவர், பணிவானவர். எங்கள் குடும்பத் தொழிலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். அந்நகரில் எங்கள் பாட்டனாரின் வேலைக்காக ஒருவர் எழுந்து நின்றதை நாங்கள் பார்த்தது அதுவே முதல்முறை. அத்தை இல்லையே என்று இளையவள் மெல்லச் சொன்னாள். அவர் உள்ளே அழைத்துச் சென்று, கையளவு மால்ட்டை எடுத்துக் கொடுத்தார். பொரிகடலைபோல் மென்று பார்த்தோம், இனித்தது. காலையில் இறக்கிய சக்கை ஒரு தொட்டியில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதே மணம். ஒருவரும் பேசவில்லை.

சக்கையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். நகருக்குள் மாடு வைத்திருப்பவர் இப்போது இல்லை, ஹோஸ்கோட்டைப் பக்கத்திலிருந்து வாரம் மூன்று நாள் வேன் வந்து எடுத்துப்போகிறது என்றார். வேன் வரும் நேரம் அதிகாலை நாலரை மணியாம்.